காமிரா வாங்கினால் போதுமா?

காமிரா வாங்க ஒரு மாதம் யோசிக்கிறார்கள். பத்துப் பேரிடம் விசாரிக்கிறார்கள். நாலு கடை ஏறி இறங்குகிறார்கள்.

அந்தக் காமிராவுக்கு மெமரி கார்டு வாங்க எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள்?

ஒரு நிமிஷம்கூட இல்லை!

"கார்டு இலவசம் சார்! பையும் இலவசம்!" என்கிறார் கடைக்காரர். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பிளாஷ் விளக்கைப் பற்றிய பேச்சே கிடையாது. கேட்டால், "அதுதான் காமிராவிலேயே இருக்கிறதே!" என்று பதில் வருகிறது.

இது சரியல்ல.

காமிரா படத்தைப் பிடிக்கிறது. பிடித்த படம் தங்கியிருக்கும் இடம் கார்டு. இருட்டு மண்டபத்தில் அந்தப் படத்துக்கு வெளிச்சம் கொடுப்பது பிளாஷ். காமிராவுக்கு இரண்டாயிரம் ரூபாய் குறைத்துச் செலவு செய்தால் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. கார்டு மோசமாக இருந்தால் படமே இருக்காது. ஆகவே, காமிராவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அந்தப் பணத்தை இந்த இரண்டு சாமான்களில் போடுங்கள் என்பதே நமது யோசனை.

"போன் இருக்கும்போது காமிரா எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பகல் வெளிச்சத்தில் போன் போதும். ஆனால் போனில் இருக்கும் விளக்கு சின்ன டார்ச் லைட் மாதிரி. மணவறை முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள் என்றால் அது எட்டாது. காமிரா வாங்குகிறவர்கள் அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

பழைய காலத்துப் பிலிம் சுருளில் 36 படம் எடுக்கலாம். சுருள் பாழாகிவிட்டால் 36 படம் போயிற்று. வருத்தம்தான். ஆனால் மீதிச் சுருள்கள் பத்திரமாக இருக்கும். இன்று 64 ஜி.பி. கார்டு ஒன்றில் ஏழாயிரம், எட்டாயிரம் படங்கள் அடங்கும். வளைகாப்பு, பெயர் சூட்டல், காது குத்து, முதல் பிறந்த நாள் எல்லாம் அந்த ஒரே கார்டில் கிடக்கும். கை விரல் நகம் இரண்டைச் சேர்த்து வைத்தாற்போல் ஒரு சாமான். அது போனால் எல்லாம் போயிற்று!

பெயர் வந்த கதை

கார்டுக்குள் இருப்பது என்ன?

அதற்கும் 'பிளாஷ்' என்றுதான் பெயர். வேடிக்கையாக இல்லையா? இந்த வகைச் சில்லைக் கண்டுபிடித்தவர் பூஜியோ மசுவோகா என்ற ஜப்பானியர். தோஷிபா கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர். 1984-ல் தமது கண்டுபிடிப்பை உலகுக்குச் சொன்னார். எழுதியது முழுவதையும் ஒரே வீச்சில் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்பதே அதன் விசேஷம். காமிரா பிளாஷ் 'பளிச்' என்று அடிப்பதைப் போல அது அழிகிறது என்று கூட வேலை பார்த்த ஒருவர் சொன்னார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இன்று பெரும்பாலான காமிராக்களில் போடும் எஸ்.டி. கார்டு 1999-ல் வந்தது. தோஷிபா, சான்டிஸ்க், பானசோனிக் பெயரில் சாமான் விற்ற மட்சுஷிடா ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தன. நீளம் 32 மில்லிமீட்டர். அகலம் 24 மில்லிமீட்டர். கனம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். உள்ளே ஓடுகிற சக்கரமோ பல்லோ எதுவும் கிடையாது. படம் முழுவதும் மின்னூட்டமாக, சின்னஞ்சிறு அறைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டாலும் அது அழியாது. அதுதான் அதன் பெருமை.

பொய்க் கணக்குப்பிள்ளை

இப்போது மோசடிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கார்டுக்குள் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குடோன்காரர். படங்களை அடுக்கி வைக்கிறவர். இன்னொருவர் கணக்குப்பிள்ளை. எந்தப் படம் எந்த அறையில் இருக்கிறது, இன்னும் எவ்வளவு இடம் காலி என்று கணக்கு வைத்திருப்பவர். காமிரா நேராகக் குடோனுக்குள் போகாது. கணக்குப்பிள்ளை சொல்வதைத்தான் நம்பும்.

போலிக் கார்டு செய்கிறவன் இந்தக் கணக்குப்பிள்ளையைக் கைக்குள் போட்டுக்கொள்கிறான். குடோனில் இருப்பது 8 ஜி.பி. இடம். கணக்குப்பிள்ளையோ 128 என்று சொல்லுவார்! மேலே ஒட்டியிருக்கும் லேபிளும் 128 என்று சொல்லும். காமிராவில் போட்டால், "இன்னும் பல ஆயிரம் படம் எடுக்கலாம்" என்று திரையில் காட்டும். கம்ப்யூட்டரில் போட்டாலும் 128 என்றே காட்டும். பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் நாள் ஒன்றும் தெரியாது. முதல் வாரமும் தெரியாது. 8 ஜி.பி. நிறையும் வரை எல்லாப் படமும் நன்றாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் வினை. சில போலிக் கார்டுகள் பழைய படத்தின் மேலேயே புதிய படத்தை எழுதிவிடும். சில கார்டுகள் புதிய படத்தை எங்கேயும் எழுதாது. பெயரை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

படம் எடுத்தவுடன் காமிராத் திரையில் படம் தெரிகிறதே என்கிறீர்களா? அந்த நிமிஷம் தெரிவது காமிராவின் சொந்த ஞாபகத்தில் இருக்கும் படம். கார்டில் பதிந்த படம் அல்ல. அதனால்தான் எடுக்கிறவருக்கே சந்தேகம் வருவதில்லை. கல்யாணம் முடிகிறது. வீட்டுக்கு வந்து பார்க்கிறார்கள். நிச்சயதார்த்தம் இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது. தாலி கட்டும் படத்தைத் திறந்தால் பாதி சாம்பல் நிறம். அல்லது திறக்கவே மறுக்கிறது!

திரும்ப எடுக்க முடியுமா? மாலையும் வாடிவிட்டது, மாமாவும் ஊருக்குப் போய்விட்டார்.

கணக்குப்பிள்ளையின் பொய்யைப் பிடிக்க ஒரே வழி, குடோனை நிரப்பிப் பார்ப்பதுதான். கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு இது சுலபம். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்று ஒன்றும், 'எப்3' என்று ஒன்றும் இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன. கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, எவ்வளவு நிஜம் என்று சொல்லிவிடும். 64 ஜி.பி. கார்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். போட்டுவிட்டுச் சமையல் வேலையைப் பார்க்கலாம். கார்டு காலியாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லையா? காமிராவை ஜன்னலோரம் வைத்து, கார்டு நிறையும் வரை வீடியோ எடுங்கள். நடுவில் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டியிருக்கும். பரவாயில்லை. நிறைந்ததும் காமிராவை ஒரு தரம் அணைத்துவிட்டுத் திறந்து, முதலில் எடுத்ததையும், நடுவில் எடுத்ததையும், கடைசியில் எடுத்ததையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றும் ஓடினால் பயம் இல்லை. விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் இதைச் செய்யுங்கள்; முதல் நாள் ராத்திரி செய்தால் மாற்றுக் கார்டு வாங்க நேரம் இருக்காது.

ஒரு விஷயம். 64 ஜி.பி. என்று போட்ட கார்டு கம்ப்யூட்டரில் 59 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகவேண்டாம். அது கணக்குப் போடும் முறையில் உள்ள வித்தியாசம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. கம்ப்யூட்டர் 1024, 1024 ஆக எண்ணுகிறது. அதில் ஏமாற்று இல்லை.

கார்டு வாங்கும்போது ரசீது கேளுங்கள். "ரசீது போட்டால் வரி கூடும்" என்று சொல்லும் கடையில் கார்டு வாங்காதீர்கள். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற சாமானுக்கு ரசீது கொடுக்காமல் இருப்பது முறையற்ற வியாபாரம். வெளிநாட்டுச் சாமானாக இருந்தால் உறையின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், அதிகபட்ச விலை மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். உறையே இல்லாமல் கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டி வைத்திருக்கும் கார்டுகளுக்கு இந்த மூன்றும் ஏது? ஏமாந்துவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். ரசீது கையில் இருந்தால் பேச்சு பலமாக இருக்கும்.

இலவசமாகக் கொடுக்கும் கார்டெல்லாம் போலி என்று நாம் சொல்லவில்லை. நல்ல கார்டும் கொடுக்கிறார்கள். ஆனால் இலவசமாக வந்த சாமானை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காத தான மாடு அது!

எந்தக் கார்டு வாங்கலாம்?

கார்டின் மேல் ஏகப்பட்ட எழுத்தும் எண்ணும் இருக்கும். பார்த்தால் தலை சுற்றும். நமக்கு வேண்டியது இரண்டு மூன்றுதான்.

எஸ்.டி.எச்.சி. என்று எழுதியிருந்தால் 32 ஜி.பி. வரையுள்ள கார்டு. எஸ்.டி.எக்ஸ்.சி. என்று இருந்தால் அதற்கு மேற்பட்டது. பழைய காமிராக்கள் சில எஸ்.டி.எக்ஸ்.சி. கார்டை ஏற்காது. அண்ணன் கொடுத்த பழைய காமிரா, சித்தப்பா கொடுத்த பழைய காமிரா என்றால் அதன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் 32 ஜி.பி.யே வாங்குங்கள். 2006-க்கு முந்திய காமிராவாக இருந்தால் அதுவும் சந்தேகம்தான். அவற்றில் பல 2 ஜி.பி.யோடு நின்றுவிடும்.

அடுத்தது வேகம். பெரிய எழுத்தில் 100, 150 என்று போட்டிருப்பார்கள். அநேகமாக அது கார்டிலிருந்து படிக்கும் வேகம். நமக்கு முக்கியம் எழுதும் வேகம். அதற்குச் சின்ன அடையாளம் உண்டு. வட்டம் போன்ற ஆங்கில 'சி' எழுத்துக்குள் 10 என்று இருந்தால், ஒரு விநாடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும். ஆங்கில 'யு' எழுத்துக்குள் 3 என்று இருந்தால் 30 எம்.பி. ஆங்கில 'வி' எழுத்தை அடுத்து 30 இருந்தாலும் அதேதான். போட்டோவும் சாதாரண வீடியோவும் எடுக்கிறவர்களுக்கு 10 போதும். '4 கே' என்று சொல்லும் பெரிய வீடியோ எடுப்பதானால் 30 வேண்டும். 60, 90 என்றெல்லாம் இருக்கின்றன. அவை தொழில்காரர்களுக்கு. வீட்டுக் காமிராவில் அவற்றைப் போட்டால் மாட்டு வண்டிக்கு விமானச் சக்கரம் போட்ட மாதிரி.

பெரிய கார்டு ஒன்றா, சின்னக் கார்டு இரண்டா?

இதில் இரண்டு கட்சி உண்டு. "கார்டை அடிக்கடி மாற்றினால் தொலைந்துவிடும், ஒன்றே நல்லது" என்பார் சிலர். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் இரண்டு என்ற கட்சி. 128 ஒன்று வாங்குவதைவிட 64 இரண்டு வாங்குங்கள். மாலை வரவேற்புக்கு ஒன்று, காலை முகூர்த்தத்துக்கு ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றது நிற்கும். எடுத்து முடித்த கார்டைச் சட்டைப் பையில் போடாமல், அதற்குரிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

விலை உயர்ந்த காமிராக்கள் பலவற்றில் இரண்டு கார்டு போட இடம் உண்டு. ஒரே படத்தை இரண்டிலும் பதியும்படி வைக்கலாம். கல்யாணத்துக்குப் போட்டோக்காரரை ஏற்பாடு செய்கிறவர்கள், முன்பணம் கொடுக்கும்போதே "உங்கள் காமிராவில் இரண்டு கார்டு போடுவீர்களா?" என்று கேட்கலாம். நல்ல தொழில்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

போனுக்குப் போடும் சின்ன மைக்ரோ கார்டைச் சட்டத்துக்குள் செருகியும் காமிராவில் போடலாம். வேலை செய்யும். ஆனாலும் கார்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இன்னொரு தொடர்பு கூடுகிறது. அங்கே தூசி சேர்ந்தாலும் தகராறு. அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காமிராவில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்காதீர்கள். அது எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விசேஷம் நடந்த அன்று இரவே படங்களை இரண்டு இடத்தில் ஏற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கிலோ இன்டர்நெட்டிலோ ஒன்று. இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டைத் துடைக்க வேண்டும். துடைப்பதைக் காமிராவின் 'பார்மட்' மூலமாகவே செய்யுங்கள். கார்டு என்பது சந்தைக்குப் போகிற பை. அதிலேயே வருஷக் கணக்கில் அரிசியை வைப்பார்களா?

குழந்தை விளையாட்டாகப் பித்தானை அழுத்திப் படங்களை அழித்துவிட்டதா? அடிக்காதீர்கள். கார்டை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. அழிக்கும்போது பட்டியலில் உள்ள பெயர்தான் முதலில் அழிகிறது. படம் அநேகமாக உள்ளேயே இருக்கும். 'போட்டோரெக்' போன்ற இலவசப் புரோகிராம்களால் பல சமயம் மீட்டுவிடலாம். மேலே புதிதாக எழுதிவிட்டால் பிரம்மாவாலும் முடியாது.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

இனி பிளாஷ்.

ஒரு காலத்தில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார்கள். 1887-ல் ஜெர்மனியில் அந்தக் கலவையைக் கண்டுபிடித்தார்கள். 'டப்' என்று வெடிக்கும். அறை முழுவதும் புகை. கை சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1929-ல் ஜெர்மனியில் பல்பு வந்தது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. அடித்ததும் தூக்கி எறிய வேண்டியதுதான். 1931-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஹெரால்டு எட்ஜெர்டன், திரும்பத் திரும்ப அடிக்கும் மின்சாரப் பிளாஷை உருவாக்கினார். இன்று நாம் வைத்திருப்பது அதன் வாரிசு.

காமிராவின் தலையில் துள்ளி எழும் சின்ன பிளாஷ் இருக்கிறதே, அது எவ்வளவு தூரம் எட்டும்?

இதற்குக் 'கைடு நம்பர்' என்று ஒரு கணக்கு உண்டு. வீட்டுக் காமிராக்கள் பலவற்றில் இது 9 முதல் 12 வரை இருக்கும். இந்த எண்ணை லென்சின் திறப்பு எண்ணால் வகுத்தால் மீட்டர் கணக்கில் தூரம் வரும். எண் 12, திறப்பு 4 என்றால், தூரம் 3 மீட்டர். அதாவது பத்து அடி! இது ஐ.எஸ்.ஓ. 100 என்ற நிலையில். அதை 400 ஆக்கினால் தூரம் இரண்டு மடங்காகும், இருபது அடி. அதற்கு மேல் பிரயோஜனம் இல்லை. பெரிய மைதானத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு சிலர் பிளாஷ் அடிக்கிறார்கள். முன்வரிசைக்காரரின் வழுக்கைத் தலைதான் பிரகாசிக்கும்!

வெளிச்சம் தூரம் போகப் போகச் சட்டென்று குறையும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். அதனால்தான் குடும்பப் படத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்தும், பின்வரிசையில் நிற்கும் பேரன் இருட்டடித்தும் வருகிறான்.

கண் சிவப்பாக விழுவதற்கும் காரணம் உண்டு. காமிராவின் சின்ன பிளாஷ், லென்சுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் போய், உள்ளே ரத்தம் ஓடும் திரையில் பட்டு, அதே வழியில் திரும்பி வருகிறது. பேயும் இல்லை, காமிராக் கோளாறும் இல்லை.

இந்தத் தொந்தரவுகளை எல்லாம் குறைக்க ஒரே உபாயம், தலை திரும்பும் தனி பிளாஷ். அதைக் காமிராவின் மேல் செருகி, தலையைக் கூரையைப் பார்க்கத் திருப்பி அடிக்க வேண்டும். வெளிச்சம் வெள்ளைக் கூரையில் பட்டு, பரவி, மேலிருந்து எல்லார் மேலும் இறங்கும். முற்றத்தில் பகல் வெளிச்சம் விழுவது போல் இருக்கும். பாட்டியும் பேரனும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிவார்கள். கண் சிவக்காது. சுவரில் கறுப்பு நிழல் விழாது. பட்டுப்புடவையின் ஜரிகை கண்ணைப் பறிக்காமல் ஜரிகையாகவே தெரியும்.

நாம் பிளாஷ் வாங்கச் சொல்வது இந்த ஒரு காரியத்துக்காகத்தான். தலை திரும்பாத பிளாஷ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். மேலே பார்த்தால் மட்டும் போதாது. பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். காமிராவைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கும்போது அது தேவைப்படும்.

ஆனால் ஒன்று. கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் பச்சையும் நீலமும் அடித்திருப்போம். பச்சைக் கூரையில் பட்ட வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கும். கல்யாணப் பெண் காமாலைக்காரி போல் இருப்பாள். அங்கே வெள்ளைச் சுவர் இருக்கும் பக்கம் திருப்பி அடிக்கலாம். மண்டபத்துக் கூரை இருபது, முப்பது அடி உயரத்தில் இருந்தால் வெளிச்சம் போய்த் திரும்புவதற்குள் களைத்துவிடும். அப்போது ஐ.எஸ்.ஓ. எண்ணை ஏற்றிக்கொண்டு, கிட்டே போய், நேராகவே அடிக்க வேண்டியதுதான். கோயில் கர்ப்பக்கிருகத்தைப் படம் எடுக்கும் பேச்சே வேண்டாம்.

பிளாஷ் பெட்டியின் மேல் கைடு நம்பர் 60 என்று பெரிதாகப் போட்டிருக்கும். "அம்மாடி, 60!" என்று மயங்கிவிடக் கூடாது. வெளிச்சத்தை ஊசி போல் குவித்து, 200 மில்லிமீட்டர் நிலையில் வைத்துச் சொல்லும் எண் அது. குடும்பத்தை ஒன்றாக நிறுத்தி எடுக்கும்போது வெளிச்சம் அகலமாக விரிய வேண்டும். அப்போது எண் வெகுவாகக் குறைந்துவிடும். இரண்டு பிளாஷ்களை ஒப்பிடுவதானால், 35 மில்லிமீட்டர் நிலையில் இரண்டுக்கும் என்ன எண் என்று கேளுங்கள்.

'டி.டி.எல்.' என்று எழுதியிருந்தால், வெளிச்சத்தின் அளவைக் காமிராவே பார்த்துக்கொள்ளும். முதலில் லேசாக ஒரு தடவை அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, பிறகு சரியான அளவு அடிக்கும். இது எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அந்த வசதி இல்லாத பிளாஷ் விலை மலிவு. ஒவ்வொரு தடவையும் நாமே அளவைத் திருப்ப வேண்டும். கற்றுக்கொள்ள ஆசையும் பொறுமையும் உள்ள வாலிபர்களுக்கு அது போதும். ஓடுகிற குழந்தையைப் படம் எடுக்கும் அப்பாவுக்கு டி.டி.எல். தான் சரி. பிளாஷ் போடும்போது காமிராவின் வேகத்தை விநாடியில் 200-ல் ஒரு பங்குக்கு மேல் ஏற்றினால், பல காமிராக்களில் பாதிப் படம் கறுப்பாகிவிடும். அதையும் ஞாபகம் வையுங்கள்.

பொருந்துமா?

பல பேர் ஏமாறும் இடம் இது.

காமிராவின் தலையில் பிளாஷ் செருகும் வாய் எல்லாக் காமிராவிலும் ஒரே மாதிரி தோன்றும். உள்ளே இருக்கும் உலோகப் புள்ளிகள் வேறு வேறு. கேனன் பிளாஷ் நிக்கானில் செருகினால் உள்ளே போகும். ஆனால் பேச்சு புரியாது. சோனி கம்பெனி 2012-ல் வாயையே மாற்றிவிட்டது.

கேனன் 1500டி, 3000டி, 200டி இரண்டாவது மாடல் இவற்றில் இன்னொரு வினோதம் உண்டு. நம் ஊரில் ஏராளமான வீடுகளில் இருக்கும் காமிராக்கள் இவை. வாயின் நடுவில் இருக்க வேண்டிய பெரிய புள்ளி இவற்றில் கிடையாது! மலிவான பிளாஷ்கள் அந்த நடுப் புள்ளியை நம்பித்தான் வேலை செய்கின்றன. ஆகவே அவற்றை இந்தக் காமிராக்களில் மாட்டினால் எத்தனை தடவை அழுத்தினாலும் அடிக்காது. பிளாஷ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்ப எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். பிளாஷ் நன்றாகத்தான் இருக்கும். இந்தக் காமிரா வைத்திருப்பவர்கள் கேனனின் டி.டி.எல். முறைக்கென்றே செய்த பிளாஷைத்தான் வாங்க வேண்டும்.

அப்பா காலத்துப் பிளாஷ் பீரோவில் கிடக்கிறது. அதை மாட்டிப் பார்க்கலாமா?

வேண்டாம். பழைய பிளாஷ்கள் சிலவற்றில் அந்தப் புள்ளி வழியாக 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் வரும். பழைய பிலிம் காமிரா அதைத் தாங்கும். டிஜிட்டல் காமிராவுக்குள் இருக்கும் மெல்லிய பாகங்கள் கருகிவிடலாம். அதைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளாஷுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம் ஒன்று உண்டு. பாட்டரியை எடுத்த பிறகும் அதில் பலமான அதிர்ச்சி மிச்சம் இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பாட்டரியைப் பற்றி இரண்டு வார்த்தை. பெரும்பாலான பிளாஷ்களுக்குச் சுவர்க் கடிகாரத்தில் போடுகிற மாதிரி நாலு பாட்டரி வேண்டும். கடிகாரப் பாட்டரியையே போட்டால் சீக்கிரம் ஓய்ந்துவிடும். திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றும் நிக்கல் பாட்டரி இரண்டு செட் வாங்குங்கள். எட்டுப் பாட்டரியும் ஒரு சார்ஜரும் ஆரம்பத்தில் செலவாகத் தெரியும். இரண்டு கல்யாணத்தில் ஈடாகிவிடும். விசேஷம் முடிந்ததும் பாட்டரியைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் நாளடைவில் ஒழுகி, பிளாஷை அரித்துவிடும்.

கடையில் இன்னும் என்னென்னவோ காட்டுவார்கள். பல நிறக் கண்ணாடிகள், பிளாஷுக்கு மாட்டும் வெள்ளைக் குல்லாய், மூன்று கால் குட்டி ஸ்டாண்டு, துடைக்கிற தூரிகை. வெள்ளைக் குல்லாய் வீட்டுக்குள் கொஞ்சம் உதவும். திறந்த வெளியில் வெளிச்சத்தைத் தின்பதுதான் மிச்சம். மற்றவற்றை அடுத்த தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும்போது காமிராவைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல பாட்டரி நாலும் கொண்டுபோங்கள். பிளாஷை அங்கேயே மாட்டி, கூரையைப் பார்க்கத் திருப்பி, கூட வந்தவரை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். பக்கவாட்டில் திருப்பி ஒரு படம். வரிசையாகப் பத்துத் தடவை அடித்து, ஒவ்வொரு தடவையும் அடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு பணத்தை எடுங்கள். சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் சரி, உங்கள் ஊர்க் கடைத் தெருவாக இருந்தாலும் சரி, மாட்டிப் பார்க்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அடுத்த கடை பக்கத்திலேயே திறந்திருக்கும்.